வீட்டில் அச்சடித்த துணியில் ஒட்டுப் பாவாடை: முதல் சலவையில் வெளிவந்த மூன்று குறைகள்

மரக்கட்டை அச்சில், சாப்பாட்டு மேசை மீது வைத்து அடித்த பருத்தித் துணி. அதை 46 சதுரங்களாக வெட்டி, நான்கு அடுக்காகச் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை. தைத்து முடித்து இஸ்திரி போட்டு மாட்டியபோது சொல்லும்படி ஒரு குறையும் இல்லை. ஒரு முறை துவைத்துக் கொடியில் காயவைத்து எடுத்ததும் மூன்று குறைகள் கண்ணில் பட்டன. சில சதுரங்களின் இணைப்புத் தையல் அப்பளம் பொரிந்தது போல நெளிந்திருந்தது. மெரூன் நிறப் பூக்கள் வெளிறி, பக்கத்துச் சதுரத்தில் ரோஸ் கறை படிந்திருந்தது. இரண்டு சதுரங்கள் சேரும் இடத்தில் அங்கங்கே நூலளவு வெள்ளைக் கோடு தெரிந்தது.

பார்ப்பவர்கள் மூன்றையும் தையல் குறை என்றே சொல்வார்கள். டென்ஷன் (நூலின் இறுக்கம்) சரியில்லை, சீம் (இணைப்புத் தையல்) கோணல், மட்டமான நூல் என்று மெஷினைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பிரித்துப் பார்த்ததில் மூன்றுமே கத்தரி வைப்பதற்கு முன்னால் நேர்ந்தவை என்று தெரிந்தது. அதே அளவில் இரண்டாவது பாவாடை தைத்தபோது மெஷின், நூல், தையல் முறை எதையும் மாற்றவில்லை. துணியை நனைத்தது, பசை கலந்தது, சூடு கொடுத்தது, கட்டம் போட்டது ஆகிய நான்குமே முக்கியமாக மாறின. அந்த நான்கைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவுகள்

இடுப்பு 70 செ.மீ., இருக்கைச் சுற்று 94 செ.மீ., முடிந்த நீளம் 82 செ.மீ. தையல்காரர்கள் இன்ச் கணக்கிலேயே பேசுவார்கள். இந்த வேலைக்கு டேப்பின் செ.மீ. பக்கம் வசதி, ஏனென்றால் துணி எவ்வளவு சுருங்கியது என்று சதவீதத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சதுரமும் வெட்டும்போது 20 செ.மீ. நாலு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட்டால் தைத்தபின் 18 செ.மீ. நிற்கும். முதல் அடுக்கில் 6 சதுரம், சுற்றளவு 108 செ.மீ. இரண்டாவதில் 9, அதாவது 162. மூன்றாவதில் 13, அதாவது 234. நான்காவதில் 18, அதாவது 324. மொத்தம் 46. நான்கு அடுக்கும் சேர்ந்து 72 செ.மீ. உயரம். மேலே 4 செ.மீ. இடுப்புப் பட்டி, கீழே 6 செ.மீ. கரைப் பட்டி, இரண்டும் அச்சில்லாத கருநீலத் துணி.

அடுக்குச் சுருக்கு முறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. சதுரங்களை மேலும் கீழும் மூலை சேர வைத்துத் தைத்தால், ஒரு சீமில் பக்கத்துக்கு 1 மி.மீ. கூடினாலே அந்த இணைப்பில் 2 மி.மீ. போய்விடும். 18 இணைப்பில் அது 36 மி.மீ. ஒரு மூலையும் சேராது. சுருக்கு வைத்த அடுக்கில் மேல் வரிசைச் சதுரத்துக்கும் கீழ் வரிசைச் சதுரத்துக்கும் நேர்கோட்டு உறவே கிடையாது, அந்த 36 மி.மீ. சுருக்குக்குள் அடங்கிவிடும். முதல் முறை ஒட்டுவேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு இல்லை.

நெளிந்த தையல்

முதல் பாவாடையில் இரண்டு வகைத் துணி இருந்தது. 30 சதுரம் ஈரோட்டுப் பக்கம் நெய்யப்படும் காடா (வெளுக்காத பருத்தித் துணி), மீதி 16 வெள்ளைப் பாப்ளின். தைத்தவர்கள் பாப்ளினை முன்பே துவைத்திருந்தார்கள். காடாவைப் பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பிழிந்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அச்சடித்தார்கள். நனைத்தாயிற்று, சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும் என்ற நினைப்பு.

காடா அப்படிச் சுருங்குவதில்லை. தறியில் பாவு நூலுக்கு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, கஞ்சி ஏற்றி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கஞ்சி இறங்கினால்தான் நூல் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்பும். பச்சைத் தண்ணீரில் கஞ்சி பாதிகூட இறங்காது. சோப்புப் போட்டுத் துவைக்கும்போதுதான் மீதி இறங்கும், பாவாடையாகத் தைத்த பிறகு.

பிரித்து அளந்தபோது காடாச் சதுரம் பாவுப் பக்கம் 18லிருந்து 17 செ.மீ., ஊடைப் பக்கம் (குறுக்கு நூல் ஓடும் பக்கம்) 17.5 செ.மீ. ஆகியிருந்தது. பாப்ளின் 17.8 செ.மீ. காடாவின் பாவு, இணைப்புத் தையலோடு ஒரே திசையில் ஓடிய இடத்தில் பக்கத்துப் பாப்ளினுக்கும் அதற்கும் 8 மி.மீ. வித்தியாசம். அந்த 8 மி.மீ. போக இடமில்லாமல் பாப்ளின் பக்கம் அலை அலையாக எழுந்து நின்றது. காடாவின் ஊடை தையலோடு ஓடிய இடங்களில் வித்தியாசம் 3 மி.மீ.தான், அங்கே நெளிவு கண்ணுக்குத் தெரியவில்லை. சில இடங்கள் மட்டும் நெளிந்து சில இடங்கள் நன்றாக இருந்ததற்கு இதுவே காரணம். இரண்டு பக்கமும் காடாவாகவே இருந்தும், ஒன்றைத் திருப்பி வைத்துத் தைத்த இடங்களில் 5 மி.மீ. முரண்பாடு வந்திருந்தது.

இரண்டாவது முறை காடா மட்டுமே, 2.5 மீட்டர், அகலம் 112 செ.மீ. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 7 லிட்டர் தண்ணீரில் சலவை சோடா 15 கிராமும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு 45 நிமிடம் கொதிக்கவிடப்பட்டது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், துணியிலிருக்கும் பருத்திக்கொட்டைத் தூசியும் மெழுகும் கஞ்சியும் இறங்குவதன் அடையாளம் அது. அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் அண்டா போதும். மூன்று முறை அலசிக் காயவைத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். கஞ்சி இருக்கும் துணியில் சொட்டு முத்தாக நிற்கும், இறங்கிய துணியில் விழுந்த கணமே பரவும். முத்து நின்றால் இன்னொரு முறை கொதிக்கவிட வேண்டியதுதான். அச்சுப் பசை நூலுக்குள் இறங்குவதும் இதைப் பொறுத்ததே. கஞ்சியின் மேல் உட்கார்ந்த வண்ணம் கஞ்சியோடு போய்விடும்.

கொதிக்கவைக்கும் முன்பு துணியின் ஓரத்தில் பேனாவால் 50 செ.மீ. சதுரம் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு அளந்தால் பாவில் 47, ஊடையில் 48.5. மறுபடி சாதாரணமாகத் துவைத்து அளந்தபோது மாறவில்லை. அதற்கப்புறம்தான் அச்சு மேசைக்குப் போனது.

கருநீலப் பட்டித் துணியைத் தனியாக, அலசும் தண்ணீர் தெளியும் வரை ஊறவைத்து அலச வேண்டும். கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று வீடுகளில் சொல்வதுண்டு. உப்பு அந்த ஒரு முறை சாயம் இறங்குவதைக் குறைக்கலாம், நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. நான்கு முறை அலசியும் நீலம் இறங்கும் துணியை இந்த வேலைக்குச் சேர்க்கக்கூடாது.

வெளிறிய மெரூன்

இந்தக் குறைக்கு இரண்டு காரணங்கள், இரண்டாவதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை.

மசூலிப்பட்டினம், பெடனா பக்கத்துக் கலம்காரியில் கடுக்காய், பால், படிகாரம் என்று போகும் வழி வேறு. அங்கே சாயம் நூலோடு ரசாயனமாகச் சேரும். வீட்டில் அடிக்கும் பிக்மென்ட் அச்சில் வண்ணத்துக்கு நூலோடு எந்த உறவும் இல்லை. பைண்டர் என்னும் பசை காய்ந்து மெல்லிய படலமாகி, வண்ணத் துகளை நூலின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. படலம் எவ்வளவு துகளைத் தாங்குமோ அவ்வளவுதான் நிற்கும்.

முதல் பாவாடையில் மெரூன் அடர்த்தியாக வரவேண்டும் என்று 100 கிராம் பைண்டர் பசைக்கு 8 கிராம் வண்ணம் போட்டார்கள். நீலத்துக்கு 4 கிராம். நீலம் நின்றது, மெரூன் போனது. 5 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அடர்த்தி வேண்டுமென்றால் அளவைக் கூட்டாமல், மெரூனுக்குள் ஒரு துளி கறுப்போ நீலமோ கலந்து நிறத்தையே இருட்டாக்கிக்கொள்ளலாம். ஃபிக்ஸர் (பைண்டரை இறுகச் செய்யும் பொருள்) 100 கிராமுக்கு 1.5 கிராம், டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். சமையலறைத் தராசு இந்த அளவை நம்பும்படி காட்டாது. 0.1 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். ஃபிக்ஸர் கலந்த பசையை அன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மூடிவைத்து மறுநாள் எடுத்தால் தயிர் போலத் திரண்டிருக்கும், தண்ணீர் விட்டு இளக்கினாலும் பிடிமானம் இருக்காது. இரண்டாவது பாவாடைக்கு இரண்டு நிறமும் சேர்ந்து 300 கிராம் கலந்ததில் கொஞ்சம் மீந்தது.

இனி சூடு. பைண்டர் படலம் காய்ந்தால் மட்டும் போதாது, வெந்து இறுக வேண்டும். அச்சுப் பட்டறைகளில் 150 டிகிரி சூட்டில் நாலைந்து நிமிடம் வைப்பார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டிதான். முதல் முறை மொத்தத் துணியையும் அரை மணி நேரத்தில் இஸ்திரி போட்டு முடித்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு குறைவு என்று புரியும். பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. ஒரு 20 செ.மீ. சதுரம் 400 சதுர செ.மீ., அதாவது இரண்டு தகடு அளவு. ஒவ்வொரு இடத்துக்கும் 3 நிமிடம் என்றால் ஒரு சதுரத்துக்கு 6 நிமிடம். உபரி 4 சேர்த்து 50 சதுரத்துக்கு 300 நிமிடம், ஐந்து மணி நேரம். அரை மணியில் முடித்தபோது ஓரிடத்துக்குக் கிடைத்த சூடு 20 விநாடிக்கும் குறைவு.

ஐந்து மணி நேரம் இஸ்திரி என்பது உடம்புக்கு லேசான வேலையில்லை, இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யலாம். குறைக்க மட்டும் வழியில்லை. அச்சடித்து நிழலில் ஒரு நாள் காய்ந்தபின், ஃபிக்ஸர் தன் வேலையைச் செய்ய மூன்று நாள் மடிக்காமல் விட்டு, அதற்குப் பிறகு சூடு. பெட்டியைக் காட்டன் புள்ளியில் வைத்து, நீராவியை நிறுத்தி, அச்சின் மேல் ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்து, அரைச் சதுரத்துக்குள்ளேயே மெதுவாக வட்டமிட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் காடா பழுத்துவிடும். முடிந்த சதுரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். டிக் இல்லாவிட்டால் இருபதாவது சதுரத்தில் எது முடிந்தது என்று தெரியாமல் போகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பைண்டர் சூடாகும்போது எழும் வாடையை மூடிய அறையில் சுவாசிக்கக்கூடாது. அதே காரணத்தால் சமையலுக்குப் பயன்படும் ஓவனில் இந்தத் துணியை வைக்க வேண்டாம்.

சோதனை எளிது. நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, அச்சின் மேல் பத்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். லேசான சாயல் வந்தால் பரவாயில்லை. பூவின் வடிவமே துணியில் ஏறினால் மறுபடி சூடு கொடுக்க வேண்டும், அப்படியும் வந்தால் கலவையில்தான் பிழை. எல்லாம் முடிந்தபின் வெட்டுவதற்கு முன்பே முழுத் துணியையும் ஒரு முறை துவைத்துவிட வேண்டும். ஒட்டாத துகள் இங்கேயே போய்விடும், பாவாடையில் பக்கத்துச் சதுரத்துக்குத் தாவாது.

அச்சு மேசையில்

மேசை மேல் நாலு மடிப்புக் கம்பளி, அதன் மேல் ஒரு பழைய பெட்ஷீட். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். மெத்தென்று இருந்தால் கட்டை சாய்ந்து ஓரம் இரட்டையாக விழும். பலகை போல இருந்தால் பூவின் நடுப்பகுதி பதியாது. தட்டில் ஸ்பாஞ்ச், அதன் மேல் இரண்டு மடிப்பு மல் துணி, அதன் மேல் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். கட்டையை ஒற்றி எடுக்கும்போது சத்தமே வரக்கூடாது. சளக் என்று சத்தம் கேட்டால் பசை அதிகம், ஓரம் பரவிவிடும். வைத்து, முதுகில் ஒரே குத்து, நேராக மேலே எடுப்பது. வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். ஃபேன் காற்றில் கட்டையின் பள்ளத்தில் பசை காய்ந்து, பத்தாவது அச்சுக்குள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன பூ விழும். இருபது அச்சுக்கு ஒரு முறை பழைய டூத்பிரஷ்ஷால் பள்ளத்தைத் துலக்க வேண்டும்.

வெள்ளைக் கோடு இந்த மேசையில் பிறந்தது. தையலுக்குள் போகும் 1 செ.மீ. மறையத்தானே போகிறது என்று, சரியாக 18 செ.மீ. கட்டத்துக்குள் அச்சை நிறுத்தியிருந்தார்கள். தையல் 1 மி.மீ. வெளியே விலகினாலும் அச்சில்லாத துணி எட்டிப் பார்க்கும். ஓரம் முழுக்க அச்சை ஓடவிட்டால் வேறு தொல்லை. சீமுக்குள் நாலு புறமும் படலம் ஏறி, தடித்து, ஊசியைப் பிடிக்கும். நடுவழியாக, 18 செ.மீ. கோட்டைத் தாண்டி 4 மி.மீ. வரை அச்சு போனால் போதும். இது பின்புலம் முழுக்க வலை போல நிரம்பிய ஜாலி வகைக் கட்டைக்குத்தான். தனித்தனிப் புட்டாவுக்கு (சின்னப் பூ அச்சுக்கு) கவலையில்லை, 6 செ.மீ. இடைவெளியில் மூன்றுக்கு மூன்று வைத்தால் 18 நிரம்பும்.

துணியில் கட்டம் போட்டது 20 செ.மீ. அளவில் அல்ல, 21 செ.மீ. அளவில். அகலத்தில் 5, நீளத்தில் 10. கட்டை கொஞ்சம் விலகியிருந்தாலும், அச்சை நடுவில் வைத்து 20 செ.மீ. அட்டையால் வெட்ட அந்த 1 செ.மீ. உதவும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பாவு ஓடும் திசைக்குப் பென்சிலில் ஓர் அம்புக்குறி. தைக்கும்போது எல்லா அம்பும் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் திசை முரண்பாடு வராது.

தையல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், முதல் முறையும் சரியாக இருந்த பகுதி இது. 14 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. பிக்மென்ட் படலத்தில் ஊசி சீக்கிரம் மழுங்கும், பிசுக்கும் ஏறும். தையல் தவறத் தொடங்கினால் மெஷினைத் திருகாமல் ஊசியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் சதுரங்களையும் வரிசையாகச் சேர்த்து, இரண்டு விளிம்பையும் தனித்தனியாக ஓவர்லாக் செய்து, சீமை விரித்து இஸ்திரி போட வேண்டும். ஒரே பக்கம் சாய்த்தால் சுருக்கு ஓடும்போது அந்த இடம் முடிச்சு போல நிற்கும். ஓவர்லாக் மெஷின் வீட்டில் இல்லாதவர்கள் தையல் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

சுருக்குக்கு மேல் டென்ஷனைத் தளர்த்தி, 5 மி.மீ. நீளத் தையலில் இரண்டு வரி, விளிம்பிலிருந்து 7 மி.மீ., 13 மி.மீ. தூரத்தில். அடுக்கை நாலாகப் பிரித்துக் குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது அடுக்கின் கால் பங்கு 40.5 செ.மீ., அது முதல் அடுக்கின் 27 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். மூன்றாவதில் 58.5 செ.மீ. 40.5க்குள், நான்காவதில் 81 செ.மீ. 58.5க்குள். நூலை இரண்டு முனையிலிருந்தும் பாதிப் பாதியாக இழுத்தால் அறாது. 13 மி.மீ. வரியைத் தைத்து முடித்தபின் உருவிவிடலாம். ஜாலிச் சதுரங்கள் படலம் அதிகமாக ஏறியதால் காகிதம் போல விறைத்து, சுருக்கில் பெட்டி பெட்டியாக நிற்கும். முதல் பாவாடையில் 16 ஜாலி இருந்தது, இரண்டாவதில் 10 ஆகக் குறைத்து, இரண்டு ஜாலி பக்கத்தில் வராமல் பரப்பியதில் விழுகை நன்றாக வந்தது.

கரைப் பட்டி 10 செ.மீ. அகலம், 326 செ.மீ. நீளம். மேலே 1 செ.மீ. சீம், கீழே 1 செ.மீ. மடித்து மறுபடி 2 செ.மீ. மடிப்பு, வெளியே 6 செ.மீ. இடுப்புப் பட்டி 10 க்கு 110. இரண்டுக்கும் சேர்த்து 10 செ.மீ. பட்டைகள் ஐந்து, துணி 60 செ.மீ. வாங்கினால் சுருங்கியபின் சரியாக இருக்கும். 3 செ.மீ. எலாஸ்டிக் 66 செ.மீ. வெட்டி, 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் 64 செ.மீ. வளையம். உள்ளே செருகியபின் இரண்டு பக்கவாட்டிலும் பட்டியோடு சேர்த்து ஒரு நேர்த்தையல் போட்டால் துவைக்கும்போது முறுக்காது.

துவைப்பது உட்புறம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், ஊறல் கால் மணிக்கு மேல் வேண்டாம். பிரஷ் போட்டால் படலம் கீறும். அச்சின் மேல் நேராக இஸ்திரி வைக்காமல் உட்புறமிருந்து போட வேண்டும்.

உபரியாக அடித்த நாலு சதுரத்தையும் பெட்டிக்குள் வைக்காமல், பாவாடையோடு சேர்த்துத் துவைத்துக் காயவைப்பது நல்லது. விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் போட்டுவிட்டால் போதும். ஒரு வருடம் கழித்து ஒரு சதுரம் ஆணியில் மாட்டிக் கிழிந்தால், மேலும் கீழும் சுருக்கைப் பக்கத்துக்கு 3 செ.மீ. கூடுதலாகப் பிரித்து, இரண்டு பக்கச் சீமையும் பிரித்து, அதே அளவு வெளிறிய சதுரத்தை அம்பு மேல்நோக்க வைத்துத் தைக்கலாம்.